கன்னத்தில் மாட்டுக்கொழுப்பு

ஒரு மாடு செத்து என் கன்னம் வரைக்கும் வந்துவிட்டது, அதுவும் லாவெண்டர் வாசனையோடு. நான் செத்தால் எதுவரைக்கும் போவேனோ.

இது நினைத்தது. சொன்னது, "நல்லாருக்கு."

"நல்லாருக்கா, ரொம்ப நல்லாருக்கா அண்ணி?"

"ரொம்ப."

நாத்தனார் திருப்தியாகத் தலையாட்டி, கண்ணாடி டப்பாவின் மூடியைத் திருகி என் கையில் வைத்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. என் கணவருக்குத் தங்கை. சின்ன வயதில் வைத்த சுட்டி என்ற பெயர் இன்னும் போகவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். உலகத்தைத் திருத்தும் பொருள் ஒன்றை வருடத்துக்கு ஒரு முறை கண்டுபிடிப்பாள். கரிப் பல்பொடி கண்டுபிடித்த வருடம் என் மாமியாரின் பல்செட் கறுத்துப்போனது. முடி வளர்க்கும் தண்ணீர் கண்டுபிடித்த வருடம் யாருக்கும் முடி வளரவில்லை, பால்கனித் தொட்டியில் இருந்த செடி மட்டும் நன்றாக வந்தது. மாட்டுக்கொழுப்பு நான்காவது.

அவளைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. எனக்குப் பிறவியிலேயே பொல்லாத தோல். காற்று மாறினால் உரியும், சோப்பு மாறினால் எரியும். கல்யாணமாகி வந்த புதிதில் முகம் பட்டை பட்டையாக உரிந்தபோது விருந்தாளிகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்கள். ஒட்டி உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "வலிக்குதா அண்ணி?" என்று கேட்டவள் சுட்டி ஒருத்திதான். அந்தக் கேள்விக்கு நான் பன்னிரண்டு வருடமாக நல்லாருக்கு, நல்லாருக்கு என்று தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன் போலும்.

கொழுப்பு வாங்க இறைச்சிக்கடைக்கு நானும் போனேன், பை தூக்க. சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்புதான் வேண்டும், அதுதான் வெள்ளை, அதுதான் தூய்மை என்று சுட்டி கடைக்காரரிடம் விளக்கினாள். இருபது வருடமாக அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தவர் பாடம் கேட்கும் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். அவள் போனை உயர்த்தினாள்.

"அண்ணே, உங்க கை எவ்வளவு மெத்துனு இருக்கு! நாள் முழுக்கக் கொழுப்புலயே புழங்குறதாலதானே?"

அவர் தன் கையை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "கையுறை போட்டுக்கறேன்மா. சுகாதாரத்துல இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியா? வெடிப்புதான். உப்பு பட்டா உயிர் போகும்."

அந்த வீடியோவில் "மெத்துனு இருக்கு" என்ற இடம் வரை இருந்தது. அதற்குப் பிறகு கடைக்காரர் வெட்கத்தோடு சிரிப்பதும், பின்னணியில் ஒரு புல்லாங்குழலும்.

காய்ச்சும் முறை சுலபமில்லை. பொடியாக நறுக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் நாள் பூராவும் உருக்கி, துணியில் வடிகட்டி, குளிரவைத்து, அடியில் படியும் பழுப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி உருக்க வேண்டும். மூன்று முறை. அப்போதுதான் மாட்டு வாசனை போகும் என்றாள். வாசனை கொழுப்பை விட்டுப் போனது உண்மை. போய் எங்கள் திரைச்சீலைகளிலும் தலையணைகளிலும் குடியேறியது. வீடு முழுக்க விருந்துக்கு முந்தின நாள் மணம். விருந்து மட்டும் வரவேயில்லை. மிச்சமிருந்ததை மறைக்க அவள் லாவெண்டர் எண்ணெயைக் கணக்கில்லாமல் ஊற்றி, முட்டை அடிக்கும் கருவியால் நுரைக்க அடித்தாள். வெண்மையாக, மிருதுவாக, பார்க்க ஏமாற்றும் அழகாக வந்தது.

அதை யாரும் குறை சொல்ல முடியாது. என் மாமியார் குதிகாலில் பூசிக்கொண்டார். இரண்டே வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது. "பாரு, குழந்தை கால் மாதிரி," என்று காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக் காட்டுவார். அதே அத்தை ஒரு மதியம் குளிர்பதனப் பெட்டியில் பெயர் ஒட்டாமல் இருந்த டப்பாவை எடுத்து உருளைக்கிழங்கு வறுத்துவிட்டார். மொறுமொறுவென்று வந்தது. என் கணவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"என்னம்மா போட்டீங்க, புதுசா ஒரு வாசனை?"

சுட்டி டப்பாவைப் பார்த்துவிட்டு அலறினாள். "அம்மா! அது நைட் கிரீம்!"

"பரவால்ல விடு," என்றார் என் கணவர், விரலை நக்கிக்கொண்டு. "இந்த உருளைக்கிழங்குக்கு இனிமே சுருக்கமே விழாது."

எனக்கு எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பு வந்தது. சிரித்தபோது கன்னம் எரிந்தது. அப்போது பூச ஆரம்பித்து பத்து நாள்.

முதலில் மூக்கின் இரு பக்கமும் சிவந்தது. பிறகு இமை. காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்கும் முன் இமை கனப்பது தெரியும். சுட்டியிடம் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது, போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டாள்.

"நச்சு வெளிய வருது அண்ணி! எத்தனை வருஷமா கண்ட கண்ட கிரீமும் பூசினீங்க? அத்தனையும் உள்ளேயேவா இருக்கும்? இப்ப எல்லாம் வாசல்ல வந்து கூட்டமா நிக்குது. அதான் சிவப்பு."

"எப்ப கலையும் அந்தக் கூட்டம்?"

"நாலாவது வாரம். இப்ப நிறுத்தினீங்கன்னா அப்படியே உள்ள திரும்பிப் போயிடும்."

என் மாமியார் குதிகாலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒத்துக்குது, ஊருக்கே ஒத்துக்குது. உனக்கு மட்டும் எதுதான் ஒத்துக்கும் சொல்லு. கல்யாணப் பவுடரே ஒத்துக்கலை."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் எதிரே உட்கார்ந்து இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பேன். பிரேமைச் சூடுகாட்டி, காதுக்குப் பின்னால் உட்காரும் வளைவைச் சரிசெய்வேன். என் முகத்துக்கும் அவர்கள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். அந்த ஒரு சாணில் எல்லாம் தெரிந்துவிடும். ஒரு பெரியவர் அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து, "பக்கத்துல எங்கயோ வறுக்கறாங்க," என்றார். இன்னொரு அம்மாள் என் இமையைப் பார்த்துவிட்டு, தான் கழற்றி வைத்த பழைய கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டு மிகவும் பணிவாகச் சொன்னார்: "கொஞ்ச நாள் உள் அறையில லென்ஸ் வேலை பாருங்களேன். உங்களுக்கும் ஓய்வா இருக்கும்." எனக்கு ஓய்வு வேண்டியிருக்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஒரு முகத்தைக் கவனமாகப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடையில் நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை. கண்ணாடி முன் நின்று "நல்லாருக்கா?" என்று கேட்பவரிடம், "இல்லீங்க, உங்க முகம் அகலம், இது இறுக்கும்," என்று சொல்லிவிடுவேன். விலை உயர்ந்த பிரேமைக்கூட அப்படிக் கழற்றி வைக்கச் செய்திருக்கிறேன். வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தப் பெண் எங்கே போய்விடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. செருப்போடு சேர்த்து அவளையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறேன் என்று நினைக்கிறேன்.

மதிய இடைவேளையில், வீட்டில் சொல்லாமல், தோல் டாக்டரிடம் போனேன்.

"என்ன பூசுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

அந்த அம்மாள் விளக்கை என் கன்னத்தருகே கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். "லாவெண்டர் போட்ட வறுவல் மாதிரி ஒண்ணும் இல்லையா?"

சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "கொழுப்பு ஒண்ணும் விஷம் இல்ல. காய்ஞ்ச குதிகால்ல பூசினா ஈரம் போகாம மூடி வைக்கும். ஆனா இமையில, அதுவும் வாசனை எண்ணெயை ஊத்தி, அதுவும் உங்க தோல்ல? உங்க தோல் கம்பளிச் சட்டைக்காரர் பக்கத்துல நின்னாலே சிவக்கற ரகம். அந்த எண்ணெய் மேலதான் எனக்குச் சந்தேகம். முதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க."

ஒரு வாரத்துக்கு ஒரு மருந்தும், அதன் பிறகு பூச ஒரு வெள்ளைக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். வாசனை இல்லை, பூப்படம் இல்லை, எந்தக் கதையும் இல்லாத களிம்பு. நான்கே நாளில் இமை இறங்கியது.

அப்போதாவது வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தினமும் காலையில் சுட்டியின் டப்பாவைத் திறந்து, ஒரு விரல் அளவு தோண்டி, காகிதத்தில் துடைத்து, சுருட்டி, கைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கடைக்குப்பையில் எறிந்தேன். டப்பாவில் அளவு குறைவதை அவள் பார்க்க வேண்டுமே. குறைந்ததைப் பார்த்தாள், என் முகம் தெளிவதையும் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல? நாலாவது வாரம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி, இவளுக்குச் சந்தோஷம் கொடுக்க எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை காலைல லைவ் போடறேன் அண்ணி. நீங்கதான் பேசணும். ரெண்டே நிமிஷம். நான் கேக்கறதுக்கு ஆமான்னு சொன்னாக்கூடப் போதும்."

"பாக்கலாம்," என்றேன். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை என்னை மறுபடி முன்பக்க நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கண்ணாடி வாங்க வரவில்லை. என்னையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே அக்கா அது? அந்தக் கொழுப்புக் கிரீம்ல?"

குழந்தைக்கு ஒரு வயது இருக்கும். இரண்டு கன்னமும் சிவந்து, வெடித்து, ஓரிடத்தில் நீர் கசிந்திருந்தது. அது தன் முகத்தை அம்மாவின் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்தத் தேய்ப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தலையணையில் தேய்த்து வளர்ந்தவள்.

"இவனுக்குப் போடலாமா அக்கா? டாக்டர் மருந்து கொடுத்திருக்காரு. ஆனா அதெல்லாம் ரசாயனம், நிறுத்தினாத்தான் கொழுப்பு வேலை செய்யும்னு உங்க நாத்தனார் சொல்றாங்க. உங்க போட்டோவைப் பாத்துதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு." போனை என் முன் நீட்டினாள்.

இரண்டு படங்கள். இடதுபக்கம் சிவந்து வீங்கிய என் முகம், அடியில் ‘மூன்று மாதங்களுக்கு முன்’. வலதுபக்கம் ஓரளவு தெளிந்த என் முகம், அடியில் ‘இன்று’.

வேறு யாராக இருந்தாலும் தெரிந்திருக்காது. என் கண் முதலில் போனது மூக்குக்கண்ணாடிக்கு. இடதுபக்கப் படத்தில் நான் போட்டிருந்த பழுப்புப் பிரேம் எங்கள் கடைக்கு வந்தே ஒரு மாதம் ஆகவில்லை. பெட்டியைப் பிரித்ததே நான்தான். வலதுபக்கம் இருந்தது என் பழைய கறுப்புப் பிரேம். கொழுப்பு பூசுவதற்கு முதல்நாள், சன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து சுட்டி எடுத்த படம் அது. அவள் முன்னைப் பின்னாகவும் பின்னை முன்னாகவும் வைத்திருந்தாள்.

"டாக்டர் மருந்தை நிறுத்தாதீங்க," என்றேன். "இது வந்து... ஒவ்வொருத்தர் தோலும்..."

"ஞாயித்துக்கிழமை நீங்க பேசறீங்களாமே?" என்றாள். குழந்தை வீறிட்டது. அதை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். "கேட்டுட்டு முடிவு பண்றேன் அக்கா. வர்றேன்." அடுத்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நான் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். தெருவில் நான்கு எட்டு வைத்திருந்தால் போதும். "நான் எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார்.

அன்று மாலை சமையலறையில் சுட்டி அடுத்த தொகுதியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"மாத்தி வச்சிருக்கியே சுட்டி."

அவள் திரும்பவில்லை. "ரெண்டும் உங்க முகம்தானே அண்ணி? நான் பில்டர்கூடப் போடலையே. மத்தவங்க எல்லாம் யார் யார் முகத்தையோ எடுத்துப் போடறாங்க. நான் சொந்த அண்ணியோட நிஜப் போட்டோவைப் போட்டிருக்கேன்."

"எது முன்னாடி, எது பின்னாடின்னு..."

"அன்னைக்கு உங்க முகம் இருந்த இருப்புக்கு நான் எதைப் பின்னாடி போடறது? இப்ப சரியாயிடுச்சுல்ல? அப்ப போட்டது இப்ப உண்மையாயிடுச்சு. கொஞ்சம் முன்கூட்டியே போட்டுட்டேன், அவ்வளவுதான்."

அந்த வாதத்தில் என் பங்கும் இருந்தது. அவள் படத்தை மாற்றினாள். காகிதத்தில் துடைத்துத் துடைத்து அந்தப் பொய்யை உண்மையாக்கிக் கொடுத்தவள் நான்.

"நான் டாக்டர்கிட்ட போனேன் சுட்டி. அவங்க மருந்துலதான் சரியாச்சு. உன்னுதை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு."

அவள் கரண்டியை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "அப்ப டப்பாவுல குறைஞ்சது?"

சொன்னேன்.

கோபப்படுவாள் என்று பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அதை யார்கிட்டயும் சொல்லலைல்ல? அப்ப பரவால்ல அண்ணி. நூத்துப் பத்துப் பேர் டப்பா வேணும்னு கேட்டிருக்காங்க. எனக்கு இது ஒண்ணாவது சரியா வரட்டும்."

கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் குறைக்காமலே சொன்னார்: "ரெண்டு நிமிஷம் ஆமான்னு சொல்றதுல உனக்கு என்ன தேஞ்சுபோகுது? குடும்பத்துக்குள்ளதானே."

"ஊர் பூரா பாக்கப் போகுது," என்றேன்.

"அதான் சொல்றேன். ஊர் முன்னாடி குடும்பத்தை விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு."

அத்தை குதிகாலை மறுபடி பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரவேற்பறையில் சோபாவை நகர்த்தி, வட்ட விளக்கை நிறுத்தி, என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். மேசையில் டப்பாக்கள் கோபுரமாக இருந்தன. விளக்கு முகத்தில் சூடாக விழுந்தது. போனின் திரையில் என்னையே பார்த்தேன். தெளிவான கன்னம். வெள்ளைக் களிம்பு வேலை செய்த கன்னம். இவ்வளவு நல்ல முகம் எனக்கு வாய்த்ததே அபூர்வம், அதுவும் தப்பான இடத்தில் சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, யார் யாரென்று தெரியாத பெயர்கள். அவற்றில் எது அந்தக் குழந்தையின் அம்மாவோ. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அது கன்னத்தைத் தேய்க்காமல் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுட்டி வணக்கம் சொன்னாள், சிறுநீரகக் கொழுப்பின் தூய்மையைச் சொன்னாள், இரண்டு படங்களையும் அட்டையில் பெரிதாக ஒட்டியதைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"இவங்கதான் அந்த முகம். என் அண்ணி. சொல்லுங்க அண்ணி, எத்தனை நாள்ல சரியாச்சு?"

ஆமாம் என்று சொன்னால் போதும் என்றிருந்தாள், பதற்றத்தில் ஆமாம் வராத கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல போனைப் பார்த்தேன். ஒரு சாண் தூரம்.

"அந்தச் சிவந்த படம்தான் பின்னாடி எடுத்தது," என்றேன். "இதைப் பூசினதுக்கு அப்புறம். எனக்குச் சரியானது டாக்டர் மருந்துல. சின்னக் குழந்தை வச்சிருக்கறவங்க மருந்தை நிறுத்த வேண்டாம்."

கணவர் கதவருகே இருந்து இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். சுட்டி பெரிதாகச் சிரித்தாள், கண் என்னைக் கெஞ்சியது.

"எங்க அண்ணி இப்படித்தாங்க, எப்பவும் விளையாட்டு! அண்ணி, போதும். விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுங்க, பாவம் பயந்துடப் போறாங்க." குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல், "ப்ளீஸ் அண்ணி," என்றாள்.

என் தோளில் இருந்த அவள் கையை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டேன். ஜில்லென்றிருந்தது.

"இல்ல சுட்டி," என்றேன். "சொல்ல மாட்டேன்."